பெயர் சொல்லாத நடுவர்

பிப்ரவரி 6, திங்கள்

அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது கைபேசியில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது. கல்லூரியிலிருந்துதான் இருக்கும், ஆய்வுக் குழு வருவதற்குள் துறைக் கோப்புகளைச் சரிசெய்யச் சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துப் பார்க்கவில்லை. முதல் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், வெளிநாட்டு வானியல் ஆய்விதழ் ஒன்றின் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். ஒரு கட்டுரை வந்திருக்கிறதாம். நடுவராக இருந்து மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

என்னை இப்படி யாரும் கேட்டுப் பல வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிறவளை யார் நினைவு வைத்திருப்பார்கள். கட்டுரையில் வருகிற விண்மீனின் எண்ணைப் போட்டுத் தேடியிருப்பார், என்னுடைய பழைய கருத்தரங்கக் கட்டுரை ஏதாவது வந்து விழுந்திருக்கும்.

கட்டுரை, பதினேழாம் எண் இரட்டை விண்மீனை வைத்து ஒரு மேக்னட்டாருடைய தாய் விண்மீனின் எடையைக் கணக்கிடுவது பற்றி. முதல் பெயர் ஜுலைகா. அதற்குக் கீழே எனக்குத் தெரியாத இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள்.

கட்டுரையாளருடன் உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறித்தேன். நாங்கள் சேர்ந்து எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மேலும், அந்த விண்மீனைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்தவர்கள் உலகத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நான் மறுத்தால் அரைகுறையாகத் தெரிந்த யாரிடமாவது போகும். நடுவர் யார் என்பதைக் கட்டுரையாளருக்குச் சொல்ல மாட்டார்கள். ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

கட்டுரையைத் திறக்கவில்லை. துணி ஊறவைத்தேன், துவைத்தேன், மடித்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

படித்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாள். முன்பெல்லாம் ஜுலைகாவுக்கு ஒரு பத்தி எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். விடுதி அறையில் என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏளா செம்பா, இத கொஞ்சம் திருத்திக் குடேன்" என்பாள். எம்.எஸ்ஸி. இரண்டு வருடமும் அவள் கட்டுரைகளைத் திருத்தியது நான்.

கட்டுரையின் சாரம் இதுதான். பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் செத்த பிறகு, ஓர் ஊர் அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கிற மிச்சம்தான் மேக்னட்டார். அதனுடைய காந்தம் போல வேறெங்கும் கிடையாது. செத்துப்போன தாய் எவ்வளவு எடை இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தராசில் வைக்க ஆளே இல்லை. ஆனால் இந்த மேக்னட்டார் ஒரு விண்மீன் கொத்துக்குள் இருக்கிறது. கொத்தில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. விண்மீன்களில் எடை கூடியது சீக்கிரம் சாகும். அப்படியானால், கொத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற கனமான விண்மீனை எடை போட்டுவிட்டால், முன்னாலேயே செத்தது அதைவிடக் கனமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். எடை போடுவதற்கு இரட்டைதான் வசதி, கொத்தில் பதினேழாம் எண் அப்படி ஒன்று. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, ஒன்று மற்றதை மறைத்தால் வெளிச்சம் குறையும். சுற்றுகிற வேகத்தை நிறமாலைக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் வைத்து எடையைப் பிடித்துவிடலாம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பொருள் வழிந்திருந்தால் அதையும் கழித்துக் கூட்ட வேண்டும். ஜுலைகா அதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். விடை: பிறந்தபோது நாற்பத்தொரு சூரிய எடை. அவ்வளவு கனமானது கருந்துளை ஆகியிருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மேக்னட்டார் ஆகியிருக்கிறது. பெரிய செய்திதான்.

பதினேழாம் எண்ணை எடை போடலாம் என்பது என் யோசனை. நெதர்லாந்தில் நாங்கள் இருவரும் ஒரே துறையில் இருந்தபோது, சிலி நாட்டுக்குப் போய்த் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து வந்தவளும் நான்தான். திரும்பி வந்த மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். இன்னும் அந்த விடுப்பு முடியவில்லை.

பதினேழாம் எண்ணை "எடுத்துக்கோ" என்று நானே சொன்னதாக ஜுலைகா சொல்வாள். சொன்னேன்தான். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த வாரம் அது. அன்றைக்கு வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று காய்ச்சிய சொதி நன்றாக அமைந்துவிட்டது. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்து என் கணவர் கொம்பையா சிரித்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

விசேஷம் இதுதான். சிலியில் நான் எடுத்த நிறமாலைகளில் இரண்டு விண்மீன்களின் கோடுகளும் இடமும் வலமுமாக நகரும். அவற்றின் நடுவே மெலிதாக ஒரு கோடு நகராமல் அப்படியே நின்றது. மூன்றாவதாக ஒரு விண்மீன். அதே திசையில் ஒட்டிக்கொண்டு நின்று தன் வெளிச்சத்தையும் இந்த இரண்டோடு கலக்கிறது. அது கலந்தால் மறைப்பின்போது வெளிச்சம் குறைவது உண்மையைவிடக் கம்மியாகத் தெரியும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் எடை கூடுதலாக வரும்.

ஜுலைகா கட்டுரையில் மூன்றாவது விண்மீனே இல்லை. அவள் பயன்படுத்திய கருவி அவ்வளவு நுணுக்கமானது அல்ல, கோடுகள் ஒன்றோடொன்று குழைந்துபோயிருக்கும். முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை தேடினேன். இல்லை. நாற்பத்தொன்று தப்பு.

அந்தக் கோட்டைப் பற்றி அப்போதே நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவகாசம் எங்கே இருந்தது.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஜுலைகா கூப்பிட்டாள். மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவாள், எப்போதும் அவள்தான். முதலில் அப்பாவை விசாரித்தாள். கைபேசியை அப்பா காதில் வைக்கச் சொல்லி, "மாமா, நான் ஜுலைகா, மேலப்பாளையத்துப் பிள்ளை" என்றாள். அப்பாவுக்குப் பேச்சு வராது. அவள் குரலைக் கேட்டால் மட்டும் இடது பக்க வாய் சிரிக்கும். எனக்குச் சிரிப்பதில்லை.

பிறகு சொந்தக் கதை. செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிகிறதாம். அதே துறையில் நிரந்தரப் பணி ஒன்று விழுந்திருக்கிறது, ஜூனில் நேர்காணல். பதினேழாம் எண் கட்டுரையை அனுப்பிவிட்டாளாம். நேர்காணலுக்கு முன் ஏற்றுக்கொண்டுவிட்டால் வேலை ஏறக்குறைய கையில் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்களாம்.

"நடுவர் யாரு கைல மாட்டியிருக்கோ தெரியல. துஆ பண்ணு செம்பா" என்றாள்.

பண்ணுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 23, வியாழன்

மதிப்பீட்டை எழுத ஆரம்பித்தேன். முதல் இரண்டு குறிப்புகள் சின்னச் சின்ன ஐயங்கள், யாரும் கேட்கக்கூடியவை. மூன்றாவது, வேறு விண்மீனின் வெளிச்சம் கலந்திருக்கலாம், அது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன். இருக்கிறது என்று எழுதினால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதோடு அது என் கண்டுபிடிப்பு. அவள் கட்டுரைக்குள் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. எட்டு குறிப்புகள் ஆகிவிட்டன. பொருள் வழிந்த கணக்கை வேறு முறையில் முழுக்க மறுபடி செய்யச் சொன்னேன். கொத்தின் வயதை முதலிலிருந்து நிறுவச் சொன்னேன், அது அவள் வேலையே இல்லை. ஏழாவது குறிப்பில், இந்தப் பொருளில் முன்பு நடந்த நுணுக்கமான வேலைகளைக் கட்டுரையாளர் சரியாக உள்வாங்கியதாகத் தெரியவில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். நன்றாக வந்திருந்தது.

கறாரான நடுவர் அறிவியலுக்கு நல்லது.

பிப்ரவரி 27, திங்கள்

அனுப்பிவிட்டேன். இப்போதைய வடிவில் ஏற்க இயலாது, பெரிய திருத்தம் தேவை. மாலையில் வாழைக்காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டது.

மார்ச் 14, செவ்வாய்

நான் எழுதிய மதிப்பீடு எனக்கே வந்திருக்கிறது. ஜுலைகா அனுப்பியிருக்கிறாள், உதவி கேட்டு.

நான் கல்லூரியிலிருந்து வந்து சேர்வதற்குள் அழைப்பும் வந்துவிட்டது. அழுதிருப்பாள் போல, மூக்கு அடைத்திருந்தது. யாரோ கிழவன், இருபது வருடம் முன்னால் இதே கொத்தில் ஏதோ செய்துவிட்டு அதைத் தன் வயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றாள். கிழவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"ஏழாவத படிச்சியாளா? அது பேப்பரப் பத்தி எழுதினது இல்ல. என்னையப் பத்தி எழுதினது. என்னைய அந்த ஆளுக்குப் பிடிக்கல."

நடுவருக்கு அவளைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும். மூணாவதுதான் எனக்குப் பயமா இருக்கு. கலந்திருந்தா என் நம்பர் தப்பு. உன் டேட்டா என்னுதவிட நுணுக்கமானது. பார்த்துச் சொல்லுதியா?"

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? துணிகளுக்கு அடியில் கிடந்த, சிலி நிறமாலைகள் உள்ள வட்டை எடுத்துக் கணினியில் மாட்டினேன். ஓடாது என்று நினைத்தேன். ஓடியது.

மார்ச் 21, செவ்வாய்

ஒரு வாரமாகத் தினமும் மாலை காணொளியில் உட்காருகிறோம். இங்கே அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து முடிகிற நேரம் அவளுக்கு மதியம். என் நிறமாலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து நகராத கோட்டைக் காட்டினேன். திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "எத்தன வருசமா இது ஒன்கிட்ட இருக்கு?" என்றாள். கவனிக்கவே இல்லை என்றேன். அவள் நம்பினாள்.

மூன்றாவது வெளிச்சத்தைக் கழித்துக் கணக்குப் போட்டோம். முப்பத்தாறுக்கு இறங்கியது. அப்போதும் கருந்துளை ஆகியிருக்க வேண்டிய கனம்தான். அவள் சொன்ன பெரிய செய்தி அப்படியே நிற்கிறது, எண் மட்டும் மாறுகிறது. அந்த விடை திரையில் வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கத்தினோம். பக்கத்து அறையிலிருந்து கொம்பையா எட்டிப் பார்த்தார்.

மகிழ்ச்சியாக இருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பத்து வருடத்தில் இப்படி ஒரு வாரம் எனக்கு இல்லை.

ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே பெரிய மரங்கள். யாராவது கதவைத் தட்டி, ஜுலைகா, காப்பிக்கு வருகிறாயா என்று கேட்கிறார்கள். அவள் கை காட்டி அனுப்புகிறாள். என் கதவை யாரும் தட்டுவதில்லை. அப்பா கட்டில் கம்பியைத்தான் தட்டுவார்.

மார்ச் 28, செவ்வாய்

அவளுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. காய்ந்த உதட்டோடு உட்கார்ந்து வேலை செய்கிறாள். எட்டு குறிப்புகளுக்கும் பதில் எழுதி முடித்தோம். பொருள் வழிந்த கணக்கு பற்றிய குறிப்பு எவ்வளவு பொருத்தமற்றது என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். கொத்தின் வயது பற்றிய குறிப்பை இரண்டே வரியில் தூக்கி எறியலாம் என்று அந்த இரண்டு வரியையும் நானே சொன்னேன். இவ்வளவு ஆவேசமாக நான் யாரையும் மறுத்தது கிடையாது.

"அந்த ஆளு மண்டைக்குள்ள போய் உக்காந்து பார்த்த மாதிரி சொல்லுதே" என்றாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

திருத்திய கட்டுரையின் முதல் பக்கத்தை அனுப்பியிருக்கிறாள். ஜுலைகாவுக்கு அடுத்தது என் பெயர். செண்பகவல்லி கொம்பையா. அதற்குக் கீழே எங்கள் கல்லூரியின் பெயர், பாளையங்கோட்டை, தமிழ்நாடு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அடுப்பைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. திருத்திய கட்டுரை பழைய நடுவரிடம்தான் திரும்பப் போகும். பதிப்பாசிரியர் நடுவரின் பெயரைப் பார்ப்பார், கட்டுரையாளர் வரிசையையும் பார்ப்பார். இரண்டிலும் செண்பகவல்லி.

ஏப்ரல் 4, செவ்வாய்

கொம்பையாவிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், ஏழாவது குறிப்பு உட்பட. அவர் மின்வாரியத்துக்காரர், எங்கள் துறை வழக்கங்கள் தெரியாது, ஆனால் இது உடனே புரிந்துவிட்டது. ஜுலைகா பேர் எடுத்தாலே உன் முகம் மாறும், அது எனக்குக் கல்யாணம் ஆன புதிதிலிருந்து தெரியும் என்றார். மாறாது என்றேன்.

"சரி, மாறாது. பேரு வேண்டாம்னு சொல்லிரு. யாருக்கும் தெரியாம முடிஞ்சு போவும்" என்றார்.

"அது என் வேலைங்க. அது என் கோடு."

"அப்போ நாந்தான் நடுவர்னு சொல்லு."

இரண்டும் முடியாது என்றேன். மூன்றாவதாக ஒன்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஏப்ரல் 10, திங்கள்

பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கல்லூரி வேலையில் அதனால் பயன் ஒன்றும் இல்லை, உன் நேர்காணலுக்கு உன் பெயர் தனித்துத் தெரிவதுதான் நல்லது என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே என்னை நல்லவளாகத் தோன்றியது.

பதில் சாயங்காலமே வந்தது. உன் டேட்டா இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை, உன் பெயர் இல்லாமல் அனுப்ப மாட்டேன். பெருநாளுக்கு ஊருக்கு வருகிறேன், நேரில் சண்டை போடலாம்.

கட்டுரை நின்றுகொண்டிருக்கிறது. நாள் போகிறது. ஜூன் வருகிறது.

ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று பெருநாள். இன்று காலை மேலப்பாளையம் போனேன். அவள் தம்பி வீட்டு மாடியில் உட்கார வைத்தாள். கீழே பிள்ளைகள் புதுச் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜுலைகாவின் காதோரம் நரைத்திருக்கிறது, காணொளியில் அது தெரியவில்லை.

அவள் உம்மா கொடுத்த வட்டலப்பத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"யாருக்காவ தியாகம் பண்ணுதே? வேண்டாம்னு சொல்ல நீ யாருளா? அது உன் டேட்டா."

"தியாகம் இல்ல ஜுலைகா. என் பேரப் போட்டா அங்க பிடிச்சிருவாங்க."

"எத?"

"அந்த ரிப்போர்ட்ட எழுதினது நான்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்ததுபோல. தம்பி மகள் தட்டில் முறுக்கு கொண்டுவந்தாள். தட்டை வாங்கி வைத்துவிட்டு, கீழே போய் விளையாடும்மா என்று அனுப்பினாள். அதன் பிறகு என்னைப் பார்த்துப் பேசவில்லை. எதிர் வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மூணாவது ஸ்டார் இருக்குன்னு எழுதும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இருக்கலாம்னு எழுதினே."

"ஆமா."

"மத்த ஏழும்?"

"முதல் ரெண்டு பரவாயில்ல. மிச்சம் சும்மா எழுதினது."

முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள், "ஒரு நாளு எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வயசப் பத்துன குறிப்புக்கு நீ யோசிக்காமலே பதில் சொன்னேல்லா, அன்னைக்கு. வெக்கமாப் போச்சு எனக்கு. உன்னைப் போயி அப்படி நெனச்சுட்டனேன்னு அன்னைக்கு நோன்பு தொறக்கும்போது அழுதேன்."

ஏன் செய்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன், ஆட்டோவில் வரும்போதே தயாரித்தது. அப்பா, விடுப்பு, சன்னலுக்கு வெளியே மரம் எல்லாம் அதில் இருந்தது. அவள் கேட்கவில்லை.

"உன் டேட்டா எனக்கு வேண்டாம்" என்றாள். "ஆனா முப்பத்தாறுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நாப்பத்தொண்ணுன்னு என்னால எழுத முடியாது. புதுசா நானே எடுக்கணும். ஜூலைலதான் தொலைநோக்கி நேரம் கெடைக்கும்."

ஜூலை என்றால் நேர்காணல் முடிந்துவிடும்.

"நீ கிளம்பு. மாமாவுக்குச் சாப்பாடு குடுக்கிற நேரம்."

கீழே இறங்கும்போது அவள் உம்மா ஒரு தூக்குவாளி நிறைய நெய்ச்சோறும் தால்ச்சாவும் கொடுத்தார்கள், அப்பாவுக்கு. மறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

பதிப்பாசிரியருக்கு எழுதினேன். கட்டுரையாளரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், அதை மறைத்தேன். மூன்றாவது குறிப்பு தவிர மற்றவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். வேறு நடுவரிடம் கொடுங்கள். மூன்று பத்தி எழுதி, காரணங்கள் சொன்ன பத்தியை நீக்கிவிட்டு அனுப்பினேன்.

மே 3, புதன்

பதில் வந்தது. தகவலுக்கு நன்றி. எங்கள் நடுவர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது.

ஆய்வுக் குழு வந்துவிட்டுப் போயிற்று. துறைக் கோப்புகள் நேர்த்தியாக இருந்ததாக முதல்வர் பாராட்டினார்.

ஜூன் 11, ஞாயிறு

ஜுலைகாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை வருகிற அழைப்பும் இல்லை. அப்பா கைபேசி ஒலித்தால் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். இன்று அவரிடம், அவள் இனிமேல் கூப்பிட மாட்டாள் அப்பா, நான் ஒரு காரியம் பண்ணிவிட்டேன் என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. வாயைத் துடைக்க வந்த என் கையைத் தள்ளிவிட்டார். வழக்கமாகவும் தள்ளுவார்.

சிலியில் எடுத்த நிறமாலைகள் எல்லாவற்றையும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நகராத கோட்டைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கூடவே வைத்தேன். அவளுக்குத் தகவல் சொல்லவில்லை. சொன்னால் பதிலுக்கு ஏங்கிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 7, வெள்ளி

மீட்டர் மாற்றுவது விஷயமாக ஜுலைகாவின் தம்பி மின்வாரிய அலுவலகத்துக்கு வந்திருந்தானாம். கொம்பையா சொன்னார். நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கட்டுரை கையில் இல்லாததுதான் காரணம் என்று அவன் ராத்தா ஜுலைகாவே சொன்னாள் என்றானாம். அவளுக்குத் தென்னாப்பிரிக்காவில் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. திரும்பவும் முதலிலிருந்து, நாற்பத்திரண்டு வயதில்.

அதைக் கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று லேசாக எழுந்து உட்கார்ந்தது. சந்தோஷம்தான். எனக்குத் தெரியாதா அதை. ஒரு நொடி இருந்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு சோற்றில் கை வைக்க முடியவில்லை. கொம்பையா என் தட்டை மூடி வைத்தார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அப்பாவுக்குப் படுக்கைப் புண். நாளுக்கு இருமுறை மருந்து.

நவம்பர் 18, சனி

ஜுலைகாவின் கட்டுரை வெளியாகிவிட்டது. துறை அறையில் தனியாக இருந்தபோது படித்தேன். ஜூலையில் அவளே புதிதாக எடுத்த நிறமாலைகள், என்னுடையதைவிட நுணுக்கமானவை. நகராத கோடு பளிச்சென்று நிற்கிறது. முப்பத்தாறு சூரிய எடை, பிழை வரம்பு என் கணக்கில் பாதி.

மூன்றாவது விண்மீன் பற்றிய பத்தியில், பொதுக் களஞ்சியத்தில் உள்ள பழைய நிறமாலைகளும் இதை உறுதிசெய்கின்றன என்று ஒரு வரி. அடைப்புக்குள் செண்பகவல்லி, ஆண்டு. பின்னால் மேற்கோள் பட்டியலில் தேடிப் பார்த்தேன். ஒரு ஜப்பானியருக்கும் ஓர் இத்தாலியருக்கும் நடுவில் அகர வரிசைப்படி இருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களை எப்படிக் குறிப்பிடுவார்களோ அப்படி. எடுத்த தரவுக்கு உரியவரைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் விதியை மீறுகிறவள் இல்லை.

எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. உட்கார்ந்து தப்பு தேட ஆரம்பித்தேன். மறைப்பின் கணக்கைத் தனியாகப் போட்டேன், வேகங்களைத் தனியாகப் பொருத்தினேன், பொருள் வழிந்த பங்கை வேறு முறையில் கழித்துப் பார்த்தேன். பிப்ரவரியில் அவளைச் செய்யச் சொன்ன அதே முறை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. காவலாளி வந்து துறையைப் பூட்ட வேண்டும் என்று நின்றபோதுதான் எழுந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவளுக்கு எழுதினேன். ஏழு மாதத்தில் முதல் செய்தி. மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டு எடுத்தேன், நலமா என்று போட்டு எடுத்தேன். கடைசியில், "முழுக்கச் சரிபார்த்தேன். பிழை இல்லை" என்று மட்டும் அனுப்பினேன்.

பேருந்து சமாதானபுரம் தாண்டும்போது பதில் வந்தது.

"தெரியும்."